சித்திரையில் பூக்கும் நம்ம மண்ணின் செடிகள்: டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தமிழ்நாட்டில் சித்திரை என்றால் வெயில் கொளுத்தும். நமக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் அதே சித்திரையில் மழை ஓய்ந்து, பொழுது குறுகி, விடியற்காலையில் லேசாகக் குளிர் தட்டும். "இனிமே தோட்டத்துல என்ன இருக்கு" என்று எங்கள் தெருவில் பலர் மார்ச்சிலேயே கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். பார்க்க எனக்கு மனசே ஆறுவதில்லை. இந்த மண்ணுக்குரிய செடிகள் பல பூக்கத் தொடங்குவதே அப்போதுதான். மொட்டு வைக்கும் நேரத்தில் வெட்டினால் அந்த வருஷப் பூ போச்சு.

எங்கள் மாமரத்து நிழலில் நிற்பது பிளெக்ட்ராந்தஸ் எக்லோனி. ஆளுயரம் வளரும். நுனியெல்லாம் கதிர் கதிராக ஊதாப் பூ. கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒவ்வொன்றும் மெல்லிய குழல், வாயிலிருந்து மகரந்தக் காம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்டைத் தடவினால் துளசி போலவே நாலு பட்டை. கற்பூரவள்ளிக்கும் இது நெருங்கிய சொந்தம். சளி பிடித்தால் ஆயா கிள்ளித் தந்த அந்தக் கற்பூரவள்ளி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. ஆனால் அது காடுகளில் தானாக வளரும் இடங்களில் நாம் இருக்கும் இந்த நேட்டால் பகுதியும் ஒன்று! தெரிந்த நாளிலிருந்து அந்தத் தொட்டியை எடுத்து வாசலிலேயே வைத்துவிட்டேன்.

பூ முடிந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய தண்டை ஈரமண்ணில் குத்தி வைத்தாலே வேர் பிடிக்கும்.

டோங்காட்டிலிருந்து:

அக்கா சொன்னது நிழலுக்குச் சரி. எங்கள் வீட்டில் முழு வெயில், அதனால் நான் வைத்திருப்பது வைல்ட் டாகா. டாகா என்றால் இங்கே கஞ்சா, அதனால் பெயரைக் கேட்டு அம்மா பயந்தார்கள். கஞ்சாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது, இதுவும் துளசிக் குடும்பம்தான். தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக ஆரஞ்சுப் பூ, மேலே வெல்வெட் மாதிரி மயிர். தேன்சிட்டு ஒரே தண்டில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து வளைத்து ஒரு அடுக்கு முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு ஏறும். நான் அலுக்காமல் பார்ப்பேன். குளிர்காலம் முடியும்போது நன்றாகக் கீழே வெட்டிவிடுவேன், மறுபடி துளிர்த்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

எங்கள் பள்ளத்துப் பக்கம் பனி உறையும் இரவுகள் உண்டு. பிளெக்ட்ராந்தஸ் அதில் கருகும், அதனால் மரத்தடியிலோ சுவரோரமோ மட்டும் வையுங்கள், அண்ணன்மாரே.

மே மாதம் என்றால் எனக்குக் கிளைவியா கார்டெனி. கிளைவியாவிலேயே வசந்தத்தில் பூக்கும் மினியாட்டா வகை எல்லாருக்கும் தெரியும். இது தலைகுனிந்த நீளக் குழல் பூ, ஆரஞ்சு, நுனியில் பச்சை. இலைச்சருகு மூடாக்கும் நிழலும் போதும், தண்ணீர் தேங்கவே கூடாது. விஷச்செடி, பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: காட்டில் தோண்டி விற்கும் கிளைவியாவை வாங்காதீர்கள். மருந்துக்கென்று தோண்டித் தோண்டியே பல காடுகளில் குறைந்துவிட்டது. நர்சரியில் விதைபோட்டு வளர்த்ததே கிடைக்கிறது, பூக்க நாலைந்து வருஷம் பொறுத்தால் போதும்.

அப்புறம், டோங்காட் தம்பி, வெள்ளைப் பூ வைல்ட் டாகா உங்களிடம் உண்டா? ஒரு தண்டு கொடுத்தால், என்னிடம் தானாக விதை விழுந்து முளைத்த ஹைப்போயெஸ்டெஸ் என்ற பூச்செடி நாற்று நிறைய இருக்கிறது, எடுத்துவைக்கிறேன்.