மதுரையில் இருந்து ஹம்பி வரை கான்டெஸா தாங்குமா?

திருநகர்_92:

வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா ஆசையாக வைத்திருந்த 1992 மாடல் கான்டெஸா கிளாசிக் கார் இருக்கிறது. 1.8 இசுசு பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், கருநீல வண்ணம். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை ஞாயிறு காலையில் திருப்பரங்குன்றம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே கப்பலூர் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவார். இப்போது நானும் வாரம் ஒருமுறை அதே மாதிரி எடுக்கிறேன். அதற்கு மேல் தூரம் போனதில்லை.

அப்பா வரலாற்று வாத்தியார். நம் ஊரை ஆண்ட விசுவநாத நாயக்கர் எந்தப் பேரரசில் இருந்து வந்தாரோ அந்த விஜயநகரத்தின் தலைநகர் ஹம்பியை நம் வண்டியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வருடா வருடம் ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போனது. ஐம்பது ரூபாய் நோட்டு கைக்கு வந்தால் பின்பக்கம் திருப்பி அந்தக் கல் தேரை அம்மாவிடம் காட்டுவார். அம்மாவுக்கு இப்போது 66 வயது. ஜனவரி கடைசியில் அவரை இதே வண்டியில் ஹம்பிக்குக் கூட்டிப் போக நினைக்கிறேன். திண்டுக்கல், கரூர், சேலம், பெங்களூரு, சித்ரதுர்கா வழியாகப் போக ஏறக்குறைய 780 கிலோமீட்டர், வரவும் அதே அளவு.

மச்சான் வாடகைக்கு ஒரு இன்னோவா எடுத்துக்கொள் என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள் என்கிறார். பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது, வண்டி நகர ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. எனக்குப் பெரிய பயம் அதுதான். அப்புறம் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் ஏற்றம், இப்போது பங்கில் வரும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த மாதிரி பழைய வண்டியில் தூரம் போனவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மேலூர்_பட்டறை:

தம்பி, தாராளமாகப் போகலாம், ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலைமையில் வேண்டாம். ஜனவரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அது போதும்.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் தண்ணீர் ஓரளவு சரியாகத்தான் சுற்றுகிறது, காற்றுதான் போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஃபேனைச் சுற்றி ஒரு கூடு இருக்க வேண்டும், எப்போதோ வாட்டர் பம்ப் மாற்றும்போது கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள், இதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், தூசியும் பூச்சியும் அப்பி சுவர் மாதிரி நிற்கும். இதுவே ஓட ஓட, 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறினால் கதை வேறு, ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

எப்படியும் ரேடியேட்டரை ஒருமுறை இறக்கிவிடுங்கள். பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைத் திறந்து ஒவ்வொரு குழாயிலும் ராடு விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்ற வைக்கலாம், அந்த வேலை தெரிந்த ஆட்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். குடத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்புத்தான் எஞ்சினுக்குள்ளும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைப் புதிதாகப் போடுங்கள். மூடி ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்தால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி மேலே போகும், ஸ்பிரிங் தளர்ந்த மூடி இருந்தால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் கொதித்துக் கொட்டிவிடும். தண்ணீர் சூடாகும் வரை வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைத்தான் குடிக்கும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, இதே இசுசு 1.8 எஞ்சினை அம்பாசடரிலும் பின்னால் போட்டார்கள். அதனால் எஞ்சின் சாமான் வழியில் கிடைக்கும், பெரிய ஊர்களில் வேலை தெரிந்த கைகளும் கிடைக்கும். கிடைக்காதது கண்ணாடி, பீடிங், விளக்கு மாதிரி பாடி சாமான்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், முன் கண்ணாடியில் ஒரு கல் பட்டால் அதோடு பயணம் நின்றுவிடும்.

அப்புறம் நேராக ஹம்பிக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு நாள் சிறுமலை ஏறுங்கள். திண்டுக்கல்லில் இருந்து பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது முள்ளைப் பாருங்கள், இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாசனை வருகிறதா பாருங்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அடுத்து கன்னியாகுமரி போய் வாருங்கள், போக 245 கிலோமீட்டர், நான்கு வழிச் சாலை, ஒன்று ஆனாலும் விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று கூப்பிடு தூரத்தில் ஊர் இருக்கிறது. ஆரல்வாய்மொழி பக்கம் காற்று பக்கவாட்டில் அறையும், ஸ்டீயரிங்கிலும் டயரிலும் என்ன குறை இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். இந்த இரண்டையும் தாண்டினால் உங்கள் வண்டிக்கு ஹம்பி ஒன்றும் தூரமில்லை.

உசிலம்பட்டி_தூரதேசம்:

அண்ணன் சூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பெட்ரோலைப் பற்றிச் சொல்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டி, சில வருடம் டெக்சாஸில் வேலை பார்த்தேன். அங்கே நண்பன் ஒருவன் 1967 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருந்தான், 289 க்யூபிக் இன்ச், அதாவது 4.7 லிட்டர் வி8. டல்லாஸில் இருந்து பிக் பெண்ட் வரை அதில் போனோம், 800 கிலோமீட்டருக்கு மேல். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மதியம் ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

வண்டி நின்றதும் ஃபேனும் நின்றுவிடும், எஞ்சினின் சூடு முழுக்க மேலே ஏறி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் குழாயிலும் உட்கார்ந்துவிடும். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகும், பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு கிடக்கும். எத்தனால் கலந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். அங்கே பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதக் கலவை, இங்கே இப்போது 20. பானட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் நிழலில் நின்றோம், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. பழைய ஆட்கள் அங்கே துணிக்குப் போடும் மரக் கிளிப்பை பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டி வைப்பார்கள், நம் ஊர் அம்பாசடர் டிரைவர்கள் ஏசி பம்ப் (பெட்ரோலை இழுக்கும் பம்ப், குளிரூட்டும் ஏசி இல்லை) மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். இரண்டில் ஈரத்துணிதான் மேல், தண்ணீர் காயும்போது சூட்டை உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போகும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் குழாயை எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்து விலக்கி ஓட்டுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடிமனான பேக்கிங் போடுங்கள்.

அதைவிட முக்கியம் ரப்பர். 92இல் போட்ட ஹோஸ் 20 சதவீத எத்தனாலுக்காகச் செய்ததில்லை. உள்பக்கம் இளகி, துணுக்கு துணுக்காக உதிர்ந்து கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும், வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். டேங்கில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும், ஏசி பம்ப் டயாபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு வண்டியை நிறுத்துவதோடு முடியாது, தீயில் கொண்டுபோய் விடும். ஒரு தீயணைப்பான் முன் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். மாதக்கணக்கில் அதே பெட்ரோலை டேங்கில் போட்டு வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

அமெரிக்கக் கணக்கில் மசில் கார் என்றால் 1964 போண்டியாக் ஜிடிஓ மாதிரி 6.4 லிட்டர் எஞ்சின். உங்கள் வண்டி 1.8 லிட்டர், 88 குதிரைத் திறன். ஆனாலும் அந்த நீண்ட பானட்டும் அகன்ற முகமும் ரோட்டில் வரும்போது நம் ஊரில் வேறு எந்த வண்டியைப் பார்த்து இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள்? எனக்கு அதுதான் நம் நாட்டு மசில் கார்.

புதூர்க்காரர்:

ஆவணங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். 92 வண்டி என்றால் 2007இல் பதினைந்து வருடம் முடிந்து, அதற்குப் பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும். கடைசியாக 2022இல் அப்பா செய்திருந்தால் 2027 வரை பிரச்சினை இல்லை. விட்டுப்போயிருந்தால் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள், 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் இருந்து 10,000 ரூபாய். ஆர்சி அப்பா பெயரிலேயே இருந்தால் அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றுங்கள், இன்சூரன்ஸும் அதே பெயரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்து என்று வந்தால் க்ளெய்மில் சிக்கல் வரும். புகைச் சான்று, பசுமை வரி ரசீது எல்லாம் டேஷ்போர்டில் இருக்கட்டும். வின்டேஜ் பதிவு யாராவது சொன்னால், அது 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது.

ஒத்தக்கடை_86:

தம்பி, எங்களிடம் இருப்பது உங்களதுக்கும் முந்தியது, 1986 மாடல். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின், நான்கு கியர். அந்தப் பெரிய உடம்பை 50 குதிரைத் திறனில் இழுக்க வேண்டும். அதில் நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஓட்டி மைசூர் போய் வந்திருக்கிறோம், கன்னியாகுமரிக்கு எத்தனையோ தடவை. உங்களுடையது அதைவிட எவ்வளவோ பலம்.

ஓட்டும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். கொடைரோடு டோல்கேட்டை இருட்டிலேயே தாண்டிவிட வேண்டும், கரூர் தாண்டி இட்லி சாப்பிட வேண்டும். 70, 80 வேகத்துக்கு மேல் வேண்டாம், அந்த வேகத்தில் எஞ்சின் ஒரு ஸ்வரத்தில் நிற்கும், அது மாறினால் உங்கள் காதுக்குத்தான் முதலில் தெரியும், பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் கிருஷ்ணகிரி, அன்றைக்கு அவ்வளவுதான், அறை எடுத்துப் படுத்துவிடுங்கள். மறுநாள் விடியும் முன் பெங்களூரைத் தாண்டுங்கள், அந்த நெரிசலில் பகலில் மாட்டினால் உங்கள் முள் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மதியத்துக்குள் சித்ரதுர்கா, அங்கே கோட்டையைப் பார்த்துத் தங்கிவிட்டு மூன்றாம் நாள் ஹம்பி. அம்மாவின் முதுகுக்கும் அதுதான் நல்லது.

தொப்பூரில் போகும்போது ஏற்றம், ஏசியை அணைத்துவிட்டு மூன்றாவது கியரில் நிதானமாக ஏறுங்கள். முள் ரொம்ப ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், உள்ளே வேர்த்துக் கொட்டும், ஆனால் முள் இறங்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். எனக்கு உண்மையான பயம் திரும்பி வரும்போதுதான். தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை விபத்து! மேலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், இடதுபக்கமே வாருங்கள், கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். வெயில் ஏறும் முன் அந்த இடத்தைத் தாண்டும்படி கிளம்புங்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறேழு வருடம் ஆகியிருந்தால் ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றுங்கள். பின் சீட்டில் பெல்ட் இல்லையென்றால் அம்மாவுக்காக ஒன்று பொருத்துங்கள், இந்த ஒரு செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம். பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போக வர 170 லிட்டருக்கு மேல் ஆகும்.

திருநகர்_92:

எல்லோருக்கும் நன்றி. மேலூர் அண்ணன் சொன்ன கூடு உண்மையிலேயே இல்லை. மாடியில் அப்பாவின் பழைய சாமான் பெட்டியைத் தேடினால், 2019 தினத்தாளில் சுற்றி, மேலே அவர் கையெழுத்தில் "ஃபேன் கவர், மாட்ட வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறார். மாட்டியாகிவிட்டது. ரேடியேட்டரும் ராடு விட்டு வந்துவிட்டது, ஹோஸ் எல்லாம் புதிது. பழைய பெட்ரோல் ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன், உள்பக்கம் விரலில் கருப்பாக ஒட்டியது.

நேற்று சிறுமலை போனோம், அம்மாவும் வந்தார்கள். 18 வளைவும் ஏறி முடிக்கும்போது முள் பாதிக்கு ஒரு நூல் கீழே. இறங்கும்போது எட்டாவது வளைவில் இருந்து வலது முன் சக்கரத்தில் மட்டும் லேசான கருகல் வாசனை, பிரேக் காலிப்பர் பிஸ்டன் திரும்ப வராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார், ரப்பர் கிட் போட்டுச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டச் சொன்ன அதே மெக்கானிக்தான், இப்போது கன்னியாகுமரி வரை நானும் வருகிறேன் என்கிறார். ஆர்சி 2027 வரை இருக்கிறது, பெயர் மாற்ற விண்ணப்பித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை நான்கு மணிக்குக் கன்னியாகுமரி. ஆரல்வாய்மொழியில் வண்டி எப்படி நின்றது என்று வந்து எழுதுகிறேன்.