ஜெனிதல் பைஸ்டேபிள் செல்: வெள்ளை நிலை நிற்கவில்லை

கேள்வி: மின்சாரம் இல்லாமலே கறுப்பு, வெள்ளை என இரு நிலைகளில் நிற்க வேண்டிய லிக்விட் கிரிஸ்டல் செல் இது. ஒரு கண்ணாடியில் கிரேட்டிங் (இணையான நுண்பள்ளங்கள்), இடைவெளி 0.8 மைக்ரான், மேலே ஹோமியோட்ராபிக் பூச்சு (மூலக்கூறுகளைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்துவது). எதிர்க் கண்ணாடியில் ரப்பிங் செய்த பாலிஇமைடு (மூலக்கூறுகளைத் தேய்த்த திசையில் படுக்க வைப்பது), 90° ட்விஸ்ட் (முறுக்கு). 20 வோல்ட் பல்ஸில் கறுப்பாகி நிற்கிறது. துருவம் மாற்றினால் வெள்ளை (டிஃபெக்ட் நிலை, அதாவது பள்ளங்களருகே மூலக்கூறு அடுக்கில் முறிவுகள் உள்ள நிலை) வந்து, சில நொடியில் கறுத்துவிடுகிறது. ஏன்?

பதில் 1: பைபோலார் பல்ஸ்தானே (இரு துருவமும் அடுத்தடுத்து வருவது)? கடைசிப் பாதியின் துருவம்தான் நிலையைத் தீர்மானிக்கும், ஃபிளெக்ஸோ விளைவு (மூலக்கூறு அடுக்கு வளைவதால் வரும் மின்முனைவு) அப்படி. பல்ஸை ரொம்ப நீட்டாதீர்கள். அயனிகள் பரப்பில் குவிந்து, வோல்டேஜ் நின்றதும் எதிர்ப்புலத்தால் திருப்பிவிடும்.

பதில் 2: அயனி என்றால் உடனே திரும்பியிருக்கும். சில நொடி தாங்குவதால் பள்ளத்தின் ஆழத்தைத்தான் சந்தேகிப்பேன். ஆழம் போதாவிட்டால் +½, −½ டிஃபெக்டுகள் (எதிரெதிர் வகை முறிவுகள்) ஒன்றையொன்று ஈர்த்து அழிந்துவிடும். எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வெட்டுமுகம் பாருங்கள். ஆங்கரிங் வலு (பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும் பலம்) குறைந்தாலும் இதே கதைதான்.