புதுப்பிப்பு: டிரெய்லர் இழுக்க 91 ஆக்டேன் தேவையா?

பிக்கப் டிரக்கில் டிரெய்லர் இழுக்க 87 ஆக்டேன் பெட்ரோல் போதுமா, 91 போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

பாரம் இல்லாதபோது 87 தாராளம், காசை வீணாக்காதீர்கள். ஆக்டேன் கூடினால் பெட்ரோலின் சக்தி கூடாது, நாக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பதைத் தாங்கும் திறன்தான் கூடும். ஆனால் என்னுடையது டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) எஞ்சின். உச்சி வெயிலில் முழுப் பாரத்தோடு நீண்ட மேடு ஏறும்போது, 87 இருந்தால் நாக் சென்சார் சொல்லி இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விடும் நேரம்) பின்னுக்குப் போகிறது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை, கியர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 91 போட்டதும் அதே மேட்டில் ஒரு கியர் மேலேயே நின்று ஏறியது. பாரம் இழுக்கும் நாளில் இனி 91தான்.

பாதி டாங்க் 87-உடன் 91 கலக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஏறக்குறைய 89 ஆகும். டர்போ இல்லாத, 87-க்கென்றே வடிவமைத்த எஞ்சின் என்றால் பெரும்பாலும் பலன் தெரியாது. மேனுவலில் டோயிங் (டிரெய்லர் இழுப்பது) பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.