காப்பகத்தில் உள்ள 9 வயது நாயைத் தத்தெடுக்கலாமா?

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விலங்குகள் காப்பகம் ஒன்றில் 9 வயதான, நடுத்தர உயரமுள்ள ஒரு கலப்பினப் பெண் நாயைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். வளர்த்தவர் இறந்துவிட்டதால் உறவினர்கள் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார்கள். மற்ற நாய்கள் எல்லாம் கம்பியருகே ஓடிவந்து குரைத்தபோது, இது மட்டும் பின்சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி எங்களைப் பார்த்தது. எனக்கும் என் மனைவிக்கும் அதை அழைத்து வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. எங்களுடன் வசிக்கும் என் தாயாரோ தயங்குகிறார். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நாய் நம்மோடு ஒட்டும் என்றும், அப்படியே ஒட்டினாலும் இரண்டொரு வருடத்தில் நம்மை அழவைத்துவிட்டுப் போய்விடும் என்றும் சொல்கிறார். அதன் கண்களில் நீலம் பாய்ந்தது போன்ற மங்கல் தெரிகிறது. வாய் நாற்றமும் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் காப்பகத்தாரிடம் எதையெல்லாம் கேட்டறிய வேண்டும்? வீட்டில் வேறு நாய் இல்லை. பகலில் தாயார் மட்டும் வீட்டில் இருப்பார்.

காலைநடை எழுதியது:

குட்டிப் பருவத்தில் தவறவிட்டால் பிறகு ஈடுசெய்யக் கடினமானது ஒன்று உண்டு. ஏறக்குறைய 3 முதல் 14 வாரங்களுக்குள் பலவகை மனிதர்களையும் ஓசைகளையும் இடங்களையும் பார்த்துப் பழகாத நாய், பிற்காலத்தில் எதைக் கண்டாலும் மிரளக்கூடும். ஆனால் யாரிடம் அன்பு வைப்பது என்பது அந்த வாரங்களோடு முடிந்துபோவதில்லை. நான் வளர்த்தவை எல்லாமே நரை விழுந்த பிறகு வந்த நாய்கள்தாம். அவற்றில் ஒன்றுகூட ஒட்டாமல் இருந்ததில்லை.

கூண்டில் பார்த்ததை வைத்து அதன் குணத்தை எடைபோடாதீர்கள். காப்பகத்துக்கு வந்த முதல் சில நாட்களில் நாய்களின் உடலில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருக்கும். சாதுவான நாய் அப்போது உறுமலாம், துறுதுறுப்பான நாய் சுருண்டு கிடக்கலாம். எனவே, வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் சென்று, அதைக் கயிற்றில் பிடித்து வெளியே நடத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். திறந்த வெளியில் மண்ணை முகர்ந்துகொண்டு நடக்கிறதா, கூப்பிட்டால் காதைத் திருப்புகிறதா, உட்கார்ந்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள்.

கொண்டுவந்து விட்ட உறவினர்களிடம் காப்பகத்தார் மூலமாகவாவது சிலவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டுக்குள் வளர்ந்ததா, முற்றத்தில் வளர்ந்ததா, தனியே விட்டால் அழுமா, என்ன சாப்பிட்டுப் பழகியது என்பவை முக்கியமானவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தப் பெயரால், எந்த மொழியில், எந்தச் சொற்களால் அதை அழைத்தார்கள் என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. "உட்கார்", "வா" என்பவற்றை அது ஏற்கெனவே அறிந்த ஒலியில் கேட்டாலே பாதி மிரட்சி போய்விடும்.

மருந்துக்கட்டு எழுதியது:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவன் என்ற முறையில் உடல்நிலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏழெட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணின் வில்லை கெட்டிப்பட்டு நீலச்சாம்பல் நிறமாகத் தெரியும். அதனால் பார்வை பெரிதாகக் கெடுவதில்லை. கண்புரை என்றால் வெண்மை படர்ந்து ஒளியையே மறைக்கும். இது எது என்பதை விளக்கடித்துப் பார்த்து மருத்துவர் சொல்லிவிடுவார். நான் அதிகம் கவலைப்படுவது வாய் நாற்றத்தைப் பற்றித்தான். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: கடைவாய்ப் பல்லில் பழுப்புக் காறை கட்டி, ஈறு சிவந்து வீங்கியிருந்தால் அந்த நாய் வலியோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. முறையாகச் சுத்தம் செய்ய மயக்க மருந்து வேண்டும். அதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று பார்ப்பார்கள். வயதை மட்டும் காரணம் காட்டி இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கருத்தடை செய்யப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். செய்யப்படாத, வயதான பெண் நாய்களுக்குச் சூடு, அதாவது இனச்சேர்க்கைப் பருவம், வந்துபோன சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. அது உயிருக்கே ஆபத்தானது. உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் இரத்தம் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ வேறு சுரப்பிக் கோளாறோ இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் நீங்களே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அது ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால், இப்யூபுரோஃபென் போன்றவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

நடுநிலை எழுதியது:

மேலே எழுதியவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதை இருவரும் தொடவில்லை. பகல் முழுவதும் அந்த நாயோடு இருக்கப்போகிறவர் உங்கள் தாயார். அவர் மனமொப்பாமல் அழைத்து வந்தால், அவருக்கும் சுமை, நாய்க்கும் அது நல்ல வீடாக இருக்காது. அவரையும் காப்பகத்துக்கு அழைத்துச் சென்று, கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். இழுத்து ஓடும் இளம் நாயைவிட இது அவருக்கு ஏற்றதாக இருக்கலாம். ஆனால் அதை அவரே உணர வேண்டும்.

ஆயுளைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. பேரின நாய்கள் ஆறேழு வயதிலேயே முதுமை அடைந்துவிடும். நடுத்தர உயரமுள்ளவை பல 12 வயதையும் தாண்டி வாழ்கின்றன. ஆனாலும் யாராலும் உறுதி தர முடியாது. தற்காலிகப் பராமரிப்பாகச் சில வாரங்கள் வைத்திருக்க அனுமதிக்கும் காப்பகங்கள் உண்டு; கேட்டுப் பாருங்கள். மூன்று நாளில் மிரட்சி குறையும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் சொந்த வீடாகும் என்று சொல்வார்கள். அது அனுபவக் கணக்குதான். நாய்க்கு நாய் மாறும்.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாயாரை அழைத்துப் போகிறோம்; வர ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு ஐயம். வயதான நாய்கள் இரவில் தூங்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

மருந்துக்கட்டு எழுதியது:

முதல் சில இரவுகள் சுற்றினால் அது புது இடத்தின் பதற்றம்தான். நீங்கள் படுக்கும் அறையிலேயே அதற்கும் ஒரு மெத்தையைப் போட்டு, மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட்டு, வழுக்கும் தரையில் விரிப்பு போட்டுவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாகப் பழகிவிட்ட பிறகு புதிதாக இரவில் உலாவத் தொடங்கினாலோ, மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் விழித்தாலோ, அடக்கிப் பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, சிறுநீரகக் கோளாறு, முதுமை மறதி ஆகிய மூன்றுமே இப்படித் தொடங்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. போகும்போது அந்த நடமாட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போங்கள். பரிசோதனை மேசையில் ஏற்றியதும் பல நாய்கள் வீட்டில் நடந்துகொள்வதில் எதையும் காட்டிக்கொள்ளாது.