நெல்லையிலிருந்து லடாக்குக்குக் காரில்: 63 வயது அப்பாவைக் கூட்டிப் போகலாமா? உதவி தேவை

பாளைக்காரன்

வணக்கம். வைகாசி நடுவில் கிளம்பி லடாக் போய்விட்டு, ஆனித் தேரோட்டத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று திட்டம். நான், என் நண்பன், அப்பா என்று மூன்று பேர். வண்டி 2017 டீசல் ஹேட்ச்பேக், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்டுவது நானும் நண்பனும்.

அப்பா லாரி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வடக்கே போகிற லாரிகளுக்கு நாற்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதினார், ஆனால் அவர் மதுரை தாண்டியதே நாலைந்து தடவைதான். நம் ஊர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையை அவர் இன்னும் "என்.எச். ஏழு" என்றுதான் சொல்வார். இப்போது அது 44, ஸ்ரீநகர் வரை போகிறது என்று காட்டினதிலிருந்து அந்தக் கடைசி வரை போய்ப் பார்க்கணும் என்கிறார். பி.பி. மாத்திரை போடுகிறார். மற்றபடி தினமும் காலையில் நாலு கி.மீ. நடப்பார்.

திட்டம் இது: ஐந்து நாளில் மணாலி. மறுநாள் சர்ச்சுவில் டென்ட்டில் தங்கி அடுத்த நாள் லே. அங்கிருந்து நுப்ரா, பாங்காங் ஏரி, ஹன்லே, முடிந்தால் உம்லிங் லா (லா என்றால் கணவாய்). திரும்பும்போது ஸ்ரீநகர் வழி. மொத்தம் 22 நாள் லீவு. கொடைக்கானல், மாஞ்சோலை எல்லாம் இதே வண்டியில் பல தடவை ஏறியிருக்கிறோம், அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

இன்னொரு சந்தேகம். ரேடியேட்டருக்கு இதுவரை குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். போன மாதம் மாஞ்சோலை ஏறும்போது சூட்டு முள் பாதிக்கு மேலே போய்விட்டு இறங்கியது. லடாக்தான் குளிர்ப் பிரதேசம் ஆயிற்றே, அங்கே சூடு ஒரு பிரச்சினையாக இருக்காது என்று நண்பன் சொல்கிறான். சரிதானா?

வள்ளியூரான்

தம்பி, ராணுவத்தில் டிரைவராக இருந்தவன் நான். லே பக்கம் மூன்று வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். முதலில் அந்தப் பாதையைத் திருப்பிப் போடுங்கள். போகும்போது ஸ்ரீநகர், வரும்போது மணாலி. மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் சொல்கிறேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். மணாலியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர், கார்கில் ஊர் இருப்பதே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். ஆக உங்கள் உடம்பு இதுவரை பார்த்த உச்சி எதுவோ, லடாக் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு மேல் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது நம் ஊர்க்காரர் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பலசாலி, நோஞ்சான் என்று அது ஆள் பார்ப்பதில்லை. கபடி ஆடுகிற பையன்கள் சுருண்டு படுத்ததையும் பார்த்திருக்கிறேன், ஐம்பது வயது சுபேதார் சாதாரணமாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீநகர் வழியில் முதலில் ஸ்ரீநகர் 1,600 மீட்டர், அடுத்து கார்கில் 2,700, அடுத்து லே 3,500 என்று ராத்திரித் தங்கல் படிப்படியாக ஏறும். நடுவில் ஃபோட்டு லா 4,108 மீட்டர் வரை ஏறினாலும் உடனே இறங்கிவிடுவீர்கள். மணாலி வழியில் 2,050-லிருந்து ஒரே பகலில் பாரலாச்சா லா ஏறி (கிட்டத்தட்ட 4,900), ராத்திரி சர்ச்சுவில் 4,300 மீட்டரில் படுக்க வேண்டும். ஒருமுறை சர்ச்சுவில் ஒரு டென்ட்டு வாசலில் சென்னைப் பையன் ஒருவன் ஷூவின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறான், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் குளிரில் விறைத்துவிட்டான் என்று நினைத்து மேலும் ஒரு கம்பளி போர்த்தினார்கள். அது மூளையில் ஏறிய மலைநோய். ராத்திரியோடு ராத்திரியாக ஜிஸ்பா வரை கீழே இறக்கினோம், பிழைத்தான். விடியட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அப்புறம், நீங்கள் போகிற மாதத்தில் மணாலி ரோடு திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பனி உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடை ஓடும். நம் ஊரில் மலையில் மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும். அங்கே வெயில் அடித்தால் வெள்ளம் வரும். காலை ஆறு மணிக்குக் கணுக்கால் அளவு இருக்கிற ஓடை பிற்பகல் மூன்று மணிக்குப் பம்பரைத் தொடும், வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. அதனால் எந்த ஓடையாக இருந்தாலும் விடிந்ததும் தாண்டிவிடுங்கள்.

பாளைக்காரன்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ஆனைமுடிக் கணக்கைப் பார்த்ததும்தான் உறைத்தது. அப்போ அப்பா வரலாமா, கூடாதா? ஆசையை மூட்டிவிட்டு இப்போது வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

அம்பை செவிலியர்

தம்பி, 63 வயது என்பதற்காக மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பி.பி. கட்டுக்குள் இருந்து, இதயத்தில் வேறு கோளாறு இல்லை என்றால் பெரும்பாலும் போகலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டர். ஒரு ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து, எத்தனை மீட்டர் உயரத்தில் எத்தனை ராத்திரி தங்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "லடாக் போகிறோம்" என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்கும் மொட்டையாகத்தான் பதில் சொல்ல முடியும்.

மலைநோய் வராமல் இருக்கப் போடுகிற டயாமாக்ஸ் பற்றியும் அவரிடமே கேளுங்கள். அது சிறுநீர் கூடுதலாகப் போக வைக்கும் மாத்திரை. அப்பா போடுகிற பி.பி. மாத்திரையிலும் நீர் மாத்திரை சேர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து உடம்பை வற்ற அடிக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கடையில் கேட்டு வாங்கி நீங்களாகப் போட வேண்டாம்.

லேயில் இரண்டு முழு நாள் சும்மா இருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு தூங்குகிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் அடிப்படை. பகலில் எவ்வளவு ஏறினாலும் ராத்திரி இறங்கிப் படுத்தால் நல்லது. தலைவலி, வாந்தி வரும் போல இருப்பது, தூக்கம் வராதது, இவை தொடக்கம். அப்படி இருந்தால் அதே இடத்தில் ஓய்வெடுங்கள், குறையும் வரை மேலே ஏற வேண்டாம். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அங்கேயே உட்காராதீர்கள். லேயில் எஸ்.என்.எம். என்ற அரசு மருத்துவமனை இருக்கிறது, இடத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் ஒன்று செய்வார்கள். பிள்ளைகள் பயணத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று தலைவலியை மறைப்பார்கள். என் மாமனாரே பத்ரிநாத்தில் அப்படிச் செய்தார். அப்பாவிடம் கிளம்புவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

வண்ணார்பேட்டை மெக்கானிக்

ரேடியேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வது இரண்டு வகையில் தப்பு.

ஒன்று, உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். லேயில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், 5,000 மீட்டரில் 83, 84. எஞ்சின் வேலை செய்கிற சூடே அந்த அளவுதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போயிருந்தால் ஏற்றத்தில் தண்ணீர் பொங்கி வெளியே போய்விடும். மாஞ்சோலையிலேயே முள் ஏறியது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்த மூடி, அடுத்து துருப்பிடித்து அடைத்த ரேடியேட்டர், அப்புறம் ஃபேன்.

இரண்டு, ராத்திரி. வைகாசி ஆனியிலும் அந்த உயரத்தில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெறும் தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் ரேடியேட்டரும் பிளக்கும், எஞ்சின் பிளாக்கும் பிளக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 35 வரைக்கும் கவலையில்லை.

எஞ்சின் நன்றாக ஆறின பிறகு கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள். சுத்தத் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். வருகிற தண்ணீர் தெளியும் வரை இதே வேலைதான். ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

டயர் காற்றைப் பற்றிப் பலர் குழப்புவார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 5,000 மீட்டர் உயரத்தில் காற்று அளக்கும் கருவி ஆறேழு பாயின்ட் கூடுதலாகக் காட்டத்தான் வேண்டும், சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரி. ஆனால் நம் ஊர் வெயிலில் பிடித்த காற்று அங்கே குளிரில் சுருங்கி நாலைந்து பாயின்ட் குறையும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்து, கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள், போதும்.

டர்போ டீசல் என்பதால் இழுவை ரொம்பக் குறையாது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது டர்போ பிடிக்கும் வரை வண்டி செத்த மாதிரி இருக்கும், முதல் கியரிலேயே எடுங்கள். ஏர் ஃபில்டர் புதிது போட்டு, கையில் இன்னொன்றும் வைத்திருங்கள். ஒரு ஏற்றத்தை எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே மாதிரி இறக்கத்திலும் அதே கியர், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பாளைக்காரன்

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்தோம். முதலில் வடிந்தது புளிக்கரைசல் மாதிரி இருந்தது, அடியில் மணல் போலத் துரு. ஐந்தாவது தடவைதான் தெளிந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் கால் அங்குலத்துக்குக் காணோம், மீதி நகம் பட்டாலே உதிர்கிறது. கீழ் ஹோஸும் வெடித்திருந்தது. மூடி, ஹோஸ் இரண்டையும் மாற்றி, கூலன்ட் கலந்து ஊற்றி, நேற்று மாஞ்சோலை வரை ஏறி வந்தோம், முள் பாதியைத் தாண்டவில்லை.

டாக்டர் அப்பாவுக்குச் சரி சொல்லிவிட்டார். பி.பி. மாத்திரையில் நீர் மாத்திரை சேர்ந்திருந்தது, வேறு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அம்பை அக்காவுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார். தலைவலியை மறைக்க மாட்டேன் என்று அம்மா முன்னால் சொல்லியிருக்கிறார்.

இப்போது கவலை முதல் ஏழு நாள். ஸ்ரீநகர் வரைக்கும் 3,500 கி.மீ.க்கு மேல் உட்கார்ந்தே வர அவர் முதுகு தாங்குமா?

வள்ளியூரான்

போகும்போது அவரை ரயிலில் அனுப்பலாமே தம்பி. திருநெல்வேலியிலிருந்து கத்ராவுக்கு நேர் ரயில் இருக்கிறது, மூன்று நாள் படுத்துக்கொண்டே போகலாம். கூட ஒரு ஆள் போகட்டும். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, செனாப் பாலத்தின் மேலேயே போகும். நாற்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதினவர், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று அந்தப் பெயர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகட்டும். லேயிலிருந்து திரும்பும்போது விமானத்தில் ஏற்றிவிடுங்கள். மேலேயிருந்து கீழே வருவதில் உடம்புக்கு ஆபத்தில்லை, மணாலி ரோட்டின் கஷ்டமும் அவருக்கு மிச்சம்.

உம்லிங் லாவை விடுங்கள். கிட்டத்தட்ட 5,800 மீட்டர், அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் முதல் தடவைக்குத் தேவையில்லை. நுப்ரா போங்கள். கர்துங் லா உயரம்தான் (5,359), ஆனால் தாண்டி இறங்கினால் நுப்ராவில் இருக்கிற டிஸ்கிட் ஊர் லேயைவிடத் தாழ்வு, நன்றாகத் தூக்கம் வரும். நான்கு ராத்திரி நல்லபடியாகக் கழிந்த பிறகு வேண்டுமானால் ஹன்லே. கொடைக்கானலிலும் காவலூரிலும் தொலைநோக்கி வைத்திருக்கிற அதே இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கேயும் இருக்கிறது. 2022-லிருந்து அந்தப் பகுதி இருள்வானக் காப்பகம், ராத்திரியில் ஹெட்லைட்டைப் பளிச்சென்று போடாதீர்கள்.

திரும்பும்போது காரு என்ற ஊரில் டேங்க்கை முழுசாக நிரப்புங்கள். அடுத்த பம்பு தாண்டி என்ற ஊரில்தான், நடுவில் 300 கி.மீ.க்கு மேல் ஒன்றும் கிடையாது. பத்து லிட்டர் கேனில் தனியாக வையுங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் எடுக்காது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். ராணுவ கான்வாய் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை.

பாளைக்காரன்

லேயிலிருந்து எழுதுகிறேன், நண்பனின் போஸ்ட்பெய்டு போனில். அப்பாவும் சித்தப்பாவும் ரயிலில் ஸ்ரீநகர் வந்தார்கள், நாங்கள் எட்டாவது நாள் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு நாள் ஓய்வு, கார்கிலில் இரண்டு ராத்திரி.

லே வந்த முதல் நாள் சாயங்காலம் அப்பாவே வந்து "தலை வலிக்குடா" என்று சொன்னார். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 84. விடுதி அம்மா பூண்டு சூப் கொடுத்தார்கள். வாந்தி இல்லை, வராந்தாவில் கோட்டுக்கு நேராக நடக்கச் சொன்னோம், நடந்தார். மறுநாள் முழுக்கப் படுத்திருந்தார். இன்று காலை 89, வலி இல்லை, இட்லி கிடைக்குமா என்று கேட்கிறார். நாளைக்கும் இங்கேயேதான் இருக்கப் போகிறோம். நுப்ரா மறுநாள்.

வண்டி ஃபோட்டு லா ஏறும்போது முள் பாதியிலேயே நின்றது. மேலே நிறுத்தி, அப்பா இறங்கி நின்று அந்த உயரப் பலகையைப் படித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார். பாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் மீட்டர் என்ன காட்டியது என்று எங்களிடம் போனில் கேட்டு, தேதி போட்டு டிரிப் ஷீட் மாதிரியே எழுதி வைத்திருக்கிறார்.