மறுமொழி: ‘ஜீரோ ரேட்டிங்’ என்பதற்கான கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம். இணையக் கொள்கை பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச் சொற்களை வைக்கலாம் என்ற உரையாடலுக்கு என் மறுமொழி இது.

‘நெட் நியூட்ராலிட்டி’க்கு இணையச் சமநிலை, இணைய நடுநிலை என்னும் இரு சொற்களும் புழங்குகின்றன. இவற்றுள் நடுநிலையே பொருந்தும் என்ற முந்தைய மடலின் கருத்தை ஏற்கிறேன். சமநிலை என்றதும், எல்லாருக்கும் ஒரே வேகமும் ஒரே விலையும் தர வேண்டும் என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். கூடுதல் பணம் கட்டி வேகமான இணைப்பு வாங்குவதை இக்கொள்கை தடுக்கவில்லை. அந்த இணைப்பின் வழியே செல்வது எந்தத் தளம், எந்தச் செயலி என்று பார்த்து இணைப்பு தரும் நிறுவனம் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம்.

சிக்கல் ‘ஜீரோ ரேட்டிங்’கில்தான் இருக்கிறது. குறிப்பிட்ட சில தளங்களைப் பார்க்கும்போது மட்டும் பயனரின் தரவுக் கணக்கில் எதுவும் கழிக்கப்படாத ஏற்பாடு இது. இதற்கு முன்மொழியப்பட்டவற்றில் ‘சுழியக் கட்டணம்’ எந்தப் பொருளையும் உணர்த்தாமல் ஆங்கிலத்தின் நிழலாக நிற்கிறது. ‘இலவசத் தரவு’ எளிமையானதுதான், ஆனால் அது விளம்பரத்தின் சொல். ஃபேஸ்புக் நிறுவனம் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து இந்தியாவில் தொடங்கிய, சில தளங்களை மட்டும் தரவுக் கட்டணமின்றிக் காட்டும் இன்டர்நெட்.ஆர்க் திட்டம், அதே ஆண்டில் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாறியது. பெயரிலேயே இலவசம் ஏறிக்கொண்டதால், அதை எதிர்த்தவர்கள் ஏழைகளுக்கு இணையம் கிடைப்பதையே எதிர்ப்பவர்கள்போலத் தோன்ற நேர்ந்தது. கலைச்சொல் தொகுப்பு அந்தத் தோற்றத்துக்குத் துணைபோக வேண்டியதில்லை.

எனவே வரிவிலக்கு என்ற சொல்லின் அடியொற்றி ‘கட்டணவிலக்கு’ என்பதை முன்மொழிகிறேன். விலக்கு என்றாலே அதை அளிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதும் தமிழ்ப் படிப்பாளிக்குத் தனியே சொல்லாமலே புரியும். சிறு வணிகருக்கு இதனால் நேரும் பாதிப்பும் அதில்தான் அடங்கியிருக்கிறது. 2015 ஏப்ரலில் வெளிவந்த ஏர்டெல் ஜீரோ திட்டத்தில், தரவுக்கான செலவைச் செயலி நிறுவனங்களே ஏற்க வேண்டும். ஃபிளிப்கார்ட் போன்ற பெருநிறுவனத்தால் அது முடியும் (எதிர்ப்பு வலுத்ததும் அந்நிறுவனம் திட்டத்தில் சேரும் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது என்பது வேறு செய்தி). சுங்குடிச் சேலைகளைத் தன் சொந்தத் தளத்தில் விற்கும் ஒருவரால் முடியுமா? அவருடைய படங்களைப் பார்க்க வாடிக்கையாளரின் தரவு செலவாகும், பெரிய கடையைப் பார்க்க ஆகாது என்றால், விலையோ தரமோ பேச்சுக்கு வருவதற்கு முன்பே வாடிக்கையாளர் கைநழுவிப் போய்விடுகிறார்.

‘மதுவிலக்கு’ என்ற சொல்லைக் காட்டி, கட்டணத்தையே ஒழிப்பது என்று பொருள்பட்டுவிடாதா என ஒருவர் கேட்டிருந்தார். தக்க ஐயம்தான். முதன்முறை ஆளும்போது ‘தெரிவுக் கட்டணவிலக்கு’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும். பிறகு சுருக்கமாகவே ஆளலாம்.

கட்டணவிலக்கையும் நடுநிலையையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறேன், ஏனெனில் நம் நாட்டு விதிகளே அவ்வாறு பிரிந்திருக்கின்றன. உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடை செய்தது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச அளவாக 50 லட்சம் ரூபாய் அபராதம். தளங்களை முடக்குவது, வேகத்தைக் குறைப்பது, சிலவற்றுக்கு முன்னுரிமை தருவது ஆகியவற்றைத் தடுக்கும் உரிம நிபந்தனைகளுக்கு 2018 ஜூலையில்தான் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. முன்னது விலை பற்றியது, பின்னது போக்குவரத்து பற்றியது.

‘ஃபேர் ஷேர்’ என்பதை ‘நியாயப் பங்கு’ என்று பெயர்ப்பதற்கும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய தளங்கள் தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் கோரிக்கைக்குத் தாமே சூட்டிய பெயர் அது. நியாயமா இல்லையா என்பதுதான் வழக்கே. ‘பிணையப் (நெட்வொர்க்) பயன்பாட்டுக் கட்டணம்’ என்றால் ஒரு பக்கம் சாயாது. தென்கொரியாவில் இத்தகைய கட்டணச் சுமையைக் காரணம் காட்டி நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் முதலில் காணொளித் தரத்தைக் குறைத்தது, பின்னர் 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சேவையையே மூடியது. அங்குள்ள பயனர்களிடம் அதை நியாயப் பங்கு என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னும் தீராதது ‘ஸ்பான்சர்டு டேட்டா’, அதாவது பயனரின் தரவுச் செலவைச் செயலி நிறுவனமே ஏற்கும் முறை. ஏர்டெல் ஜீரோவில் செயலி நிறுவனம் பணம் தந்தது. ஃப்ரீ பேசிக்ஸிலோ தாங்கள் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் பணம் தருவதில்லை என்றே ஃபேஸ்புக் கூறியது. இரண்டும் கட்டணவிலக்குதான் என்றாலும், முன்னதற்கு மட்டும் உரிய தனிச்சொல் தேவைப்படுகிறது. ‘புரவலர் தரவு’ என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். புரவலர் கைம்மாறு கருதாதவர், இவரோ வாடிக்கையாளரை விலைக்கு வாங்குகிறார். ‘பிறர்செலவுத் தரவு’ என்பது பொருளைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் செவிக்கு இனிமையாக இல்லை. வேறு சொல் தோன்றுவோர் எழுதுங்கள்.