‘அன்கிரேடபிள்’ படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் முகாமுக்கு முடிவுச்சீட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று பார்க்க அதைப் படமெடுத்ததும் இயந்திரக் கற்றல் மென்பொருள் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: டாக்டரிடம் அனுப்பு, இப்போது அனுப்ப வேண்டாம், ‘அன்கிரேடபிள்’ (இந்தப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை). முதல் இரண்டில் சிக்கலில்லை.

மூன்றாவதற்கு வரைவில் ‘தரமற்ற படம்’ என்று இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. கிரேடிங் என்றால் இங்கே படத்தின் தரத்தைப் பார்ப்பதல்ல. நோய் இல்லை, லேசானது, மிதமானது, கடுமையானது, புது ரத்தக்குழாய் முளைத்தது என்று ஐந்து நிலைகளில் எது என்று சொல்வது. கண்மணி சுருங்கியிருந்தாலோ, அறையில் வெளிச்சம் கூடினாலோ, கண்புரை இருந்தாலோ படம் மங்கும். புரையால் மங்கியிருந்தால் அந்த நோயாளி கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டியவர். ‘தரமற்ற’ என்று படித்தால் கேமரா கோளாறு என்று நினைத்துச் சீட்டை மடித்து வைத்துவிடுவார்.

இது எப்போதோ வரும் முடிவும் அல்ல. கூகுள் ஆய்வாளர்கள் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்து 1,838 படங்களில் 21 விழுக்காட்டை மென்பொருள் கணிக்காமல் திருப்பியது. அப்படித் திரும்பியவர்கள் இன்னொரு நாள், இன்னொரு மருத்துவ நிலையத்துக்கு அலைய வேண்டிவந்தது. பலர் கையில் போகும் சொல் இது.

உங்கள் பரிந்துரைகளை எழுதுங்கள்.

*

ஐயா, ‘தேறாப் படம்’ எப்படி? படமெடுக்கும் பிள்ளைகளே “இது தேறாது, இன்னொண்ணு எடு” என்றுதான் பேசுகிறார்கள். சொல்லும் சின்னது.

*

தம்பி, பேச்சு வழக்கிலிருந்து எடுத்தது நல்லது. ஆனால் நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். நோயாளி காதுபட ‘தேறாது’ என்ற சொல்லையே நாங்கள் எடுக்க மாட்டோம். உயிர் பிழைக்காது என்பதற்கு வீட்டில் சொல்லும் சொல் அது. அறுபது வயது அம்மா கையில் அதை எழுதிக் கொடுக்கலாமா?

நோயின் நிலையைப் பார்ப்பதுதானே வேலை? கிரேடிங்குக்கு ‘நிலையறிதல்’ என்று வைத்தால் இது ‘நிலையறியாப் படம்’. நிலை தெரிந்தது ‘நிலையறி படம்’. பழி படத்தின் மேலும் விழாது, கண்ணின் மேலும் விழாது.

*

அம்மா, நிலையறிதல் எனக்கு முழுச் சம்மதம். ‘தரம்’ என்ற சொல்லால் வந்த குழப்பம் இதில் இல்லை. மருத்துவர்களுக்கான கையேட்டில் ‘நிலையறியாப் படம்’ என்றே போடுகிறேன். சீட்டில் கலைச்சொல்லே வேண்டாம், இப்படி எழுதலாம்:

“உங்கள் கண்ணில் நோய் இருக்கிறதா இல்லையா என்று இந்தப் படத்தில் தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டு டாக்டர் நேரில் பார்க்க வேண்டும்.”

‘இல்லையா’ என்பதை மட்டும் படித்து ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்று ஓர் அச்சம் இருக்கிறது. இரண்டாம் வரியை மேலே, பெரிய எழுத்தில் போட்டுவிடலாமா? அச்சுக்குக் கொடுக்குமுன் சொல்லுங்கள்.